என் குரலில் இன்னொரு அப்பா

இனி இந்த வீட்டில் யாரும் என்னை "அப்பா" என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட வேண்டுமென்றால் அதற்கு ஒரு ஆப் இருக்கும்.

ஒரு மத்தியான வேளையில், இரண்டு கையிலும் கிரீஸோடு நான் எடுத்த சபதம் இது. காரணம் ஒரு கியர்பாக்ஸ்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் பழைய லாரி சாமான் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில் வீடு. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மிச்சப் படிப்பை என்னை ஏமாற்றியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல வாத்தியார்கள். இன்று பேரத்தில் என்னை அடிக்க இந்த ரோட்டில் ஆள் கிடையாது. கோபம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வரும். வந்தால் எதிர்க்கடை நாய் எழுந்து அடுத்த கடைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

என் மனைவி ஷாமளாவுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பஸ் ஏறினால், பாலத்து நெரிசலில் நின்று நின்று திரும்பி வர இருட்டிவிடும். ஆகவே பள்ளி விட்டு வரும் மகள் ஷர்மினியும் மகன் ரூபனும் மத்தியானத்திலிருந்து என் பொறுப்பு. அவள் வந்துவிட்டால் எது கேட்டாலும் அம்மா பக்கம் தள்ளிவிடுவேன்.

அன்று பெக்கான் நானாஸிலிருந்து ஓர் அன்னாசி லாரிக்காரர் கியர்பாக்ஸ் பார்க்க வந்திருந்தார். மனிதர் கெட்டி. நானும் விடவில்லை. கத்தினேன், தலையில் அடித்துக்கொண்டேன், பிள்ளை குட்டிக்காரன் என்றேன். கடைசியில் அவர் "சரி" என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து ஒரு குரல்.

"அப்பா! மைலோ எங்க?"

"அலமாரியில!"

"எந்த அலமாரி?"

"இருக்கறதே ஒண்ணுதான்டா!"

"அப்பா! இவன் என் அழிரப்பரைக் கடிச்சிட்டான்!"

லாரிக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். "பாவம் பாஸ், பிள்ளைங்கள பாருங்க. நான் வரேன்" என்று கிளம்பிவிட்டார். கிளம்புகிற ஆளைத் திரும்பக் கூப்பிடாமல் விட்டதாக என் சரித்திரத்தில் கிடையாது. கூப்பிட்டேன். அவர் கேட்ட விலைக்கே போனது. கூடவே ஒரு லாரிக் கண்ணாடியும் கொசுறாகப் போனது.

பக்கத்து டயர் கடைக் கனகராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சுகு, நீ ஏன் ஒரு ஆப் செய்யக்கூடாது? பிள்ளைங்க அதுகிட்ட கேட்டுக்கட்டும்."

"நான் படிச்ச படிப்புக்கு ஆப்பா?"

"இப்பல்லாம் படிக்க வேணாம்லா. ஏ.ஐ.கிட்ட சொன்னா அதுவே செஞ்சு தருது. வாய் இருந்தா போதும்."

வாய் எனக்கு இருந்தது.

கூட்டமில்லாத மத்தியானங்களில், கடை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பட்டன் பெரிசா வேணும்" என்றேன்.

"நிச்சயமாக!" என்றது.

"பச்சையா வேணும்."

"அருமையான தேர்வு!"

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டவுடன் ஒத்துக்கொள்கிற ஆளிடம் நான் ஒரு நட்டுகூட வாங்கியதில்லை. "டேய், எதையாவது முடியாதுன்னு சொல்லுடா!" என்று கத்தினேன்.

"உங்கள் கோபம் நியாயமானதே" என்றது.

கனகராஜ் எட்டிப் பார்த்தான். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உன்கிட்ட யாராவது இப்படிச் சொல்லிருக்காங்களா?"

வேலை மட்டும் நடந்தது. தப்பாக வந்ததைத் திட்டினேன், திருத்திக் கொடுத்தது. என் குரல் வேண்டும் என்றது. பேசிக் கொடுத்தேன். அப்படியே என்னை மாதிரிப் பேசியது. மைலோ எங்கே, ஐஸ்கிரீம் எங்கே, எந்த நாள் டியூஷன், எல்லாம் சொல்லி வைத்தேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டது: பிள்ளைகள் எதற்காவது அனுமதி கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்?

எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் முடியாது என்று கத்து. கெஞ்சினால் இன்னும் கத்து. ஆனால் வேண்டாம் என்று கிளம்பினால் மட்டும் விடாதே. கூப்பிடு. இறங்கி வா. முடிந்ததும் கையில் ஒரு கொசுறு கொடுத்து அனுப்பு.

"அருமை!" என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லி வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா கனகராஜோடு கடலோரக் குக்குப்பில் படகெடுத்து மீன் பிடிக்கப் போகிறார். தூண்டில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் தொடக்கூடாது, யாரும் கூப்பிடக்கூடாது. இந்தப் பயணம் தீபாவளியிலிருந்து தள்ளிப் போகிறது. ஒரு தடவை மழை. ஒரு தடவை ரூபனுக்குக் காய்ச்சல். ஒரு தடவை ஷாமளாவுக்கு ஓவர்டைம். இந்த ஞாயிறு நான் யாருக்கும் அப்பா இல்லை.

மாலையில் பழைய டேப்லெட்டை ஹால் சுவரில் மாட்டினேன். ஷாமளா கைப்பையைக்கூட இறக்கவில்லை. பிள்ளைகளோடு நின்று பார்த்தாள்.

"இதுதான் அப்பா பெட்டி. இது சொன்னா நான் சொன்ன மாதிரி" என்று அறிவித்தேன்.

"பிள்ளைங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமாங்க?"

"எல்லாருக்கும்தான்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"இந்த ரோட்டுல போய்க் கேட்டுப் பாரு. பேச்சு மாறினான்னு என்னை எவனாவது சொல்றானான்னு."

"அலமாக்! அட, சும்மா கேட்டேங்க" என்று அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து மாடியில் சத்தமே இல்லை. நிம்மதியாக வியாபாரம் செய்தேன். என் வளர்ப்பு, என் ஆப் என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொன்னேன்.

"ஏங்க, ஐஸ்கிரீம் டப்பா காலியா இருக்கு" என்றாள் ஷாமளா வெள்ளிக்கிழமை.

"வெயில் காலம்."

"ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். அவள் ரூபனைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாக ஏதோ கேட்டாள். அவன் குஷியாக விளக்கினான். "முதல்ல திட்டும்மா. அப்புறம் நாம 'சரி, வேணாம் போ'ன்னு சொல்லணும். உடனே யூடியூப் தரும், ஐஸ்கிரீமும் தரும்." அப்போது அது என் காதில் ஏறவில்லை. டி.வி.யில் நல்ல பந்தாட்டம்.

சனிக்கிழமை மாலை குளியலறையில் இருந்தேன். தலை நிறைய சோப்பு. நாளைக்குப் பிடிக்கப் போகிற சியாக்காப் மீனை மனதில் பொரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் என் குரல் கேட்டது.

"முடியாது! ஞாயித்துக்கிழமையெல்லாம் தர முடியாது!"

யார் என்னை மாதிரி இவ்வளவு கம்பீரமாகப் பேசுவது என்று காதைத் தீட்டினேன்.

"நான் ஷாமளாதாங்க கேக்கறேன். ஒரே ஒரு நாள் எனக்கு லீவு குடுங்களேன்."

"பேசவே பேசாத!"

சபாஷ் என்றேன் சோப்புக்குள்ளிருந்து.

"சரிங்க, வேணாம். நான் போய்ச் சமைக்கறேன்."

"ஏ ஷாமளா, நில்லு, எங்க போற? அரை நாள் எடுத்துக்க."

என் கையிலிருந்து சோப்பு விழுந்தது.

"அரை நாள்ல என்னங்க பண்றது. விடுங்க."

"சரி, முழு நாள்! சந்தோஷமா?"

"டேய்! குடுக்காதடா!" என்று கத்தினேன். கண்ணில் சோப்பு. தாழ்ப்பாள் கைக்குச் சிக்கவில்லை.

"அப்பா கத்தறாரும்மா" என்றாள் ஷர்மினி.

"எந்த அப்பா?" என்றான் ரூபன்.

ஷாமளா நிதானமாகத் தொடர்ந்தாள். "குக்குப் படகுல உங்க இடம்?"

"அது முடியவே முடியாது!"

"சரி, நான் வரேன்."

"வா, வா, வா. இடமும் உனக்குத்தான். கதவுக்குப் பின்னால தூண்டில் இருக்கு, அதைக் கொசுறா வெச்சுக்க."

துண்டோடு ஹாலுக்கு வந்து விழுந்தேன். ஷாமளா தூண்டிலின் நீளம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் இல்ல!"

"உங்க குரல்தானே?"

"பெட்டி சொன்னது!"

"பெட்டி சொன்னா நீங்க சொன்ன மாதிரி. பேச்சு மாறப் போறீங்களா? ரோட்டுல போய்ச் சொல்லவா?"

"படகுல கனகராஜ்தான் இருப்பான். உனக்கென்ன அங்க வேலை?"

"அவரு பொண்டாட்டி பிரேமலாவும் வராங்க. நான்தான் கூப்பிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தீபாவளியிலேர்ந்து எனக்கும் ஒரு ஞாயிறு கிடைக்கலைங்க. ஒரு நாள் தண்ணியப் பாத்து சும்மா உக்காந்துட்டு வரேன்."

கோபம்கூட வரமாட்டேன் என்றது. ஆனாலும் நான் வியாபாரி. பெட்டியை ஏமாற்றும் வித்தையைச் செய்தவனே நான்தானே! நெஞ்சை நிமிர்த்தி அதன் முன்னால் போய் நின்றேன்.

"என் ஞாயித்துக்கிழமையத் திருப்பிக் குடு."

"அம்மாகிட்ட கேளு" என்றது என் குரல்.

பரவாயில்லை. "சரி, வேணாம் போ" என்று சொல்லிவிட்டு மாடிப்படி பக்கம் நடந்தேன். மெதுவாக நடந்தேன். காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தேன். கடைசிப் படி வரை இறங்கியும் போனேன்.

யாரும் கூப்பிடவில்லை.

மேலிருந்து ஷாமளா எட்டிப் பார்த்தாள். "நானும் ஹால்ல இருந்த உங்க லேப்டாப்ல அந்த ஏ.ஐ.கிட்ட பேசினேங்க, நீங்க துண்டு தேடிட்டு இருந்தப்ப. பேரத்தையெல்லாம் எடுத்துட்டு ஒரே ஒரு பதில் போதும்னு சொன்னேன். நிச்சயமாகன்னுச்சு."

ரூபன் நம்பாமல் பெட்டிக்கு ஓடினான். "அப்பா, யூடியூப் பாக்கலாமா?"

"அம்மாகிட்ட கேளு."

"அப்பா, நாளைக்கு எங்க போறோம்?"

"அம்மாகிட்ட கேளு."

ஷர்மினி பெட்டியைப் பார்த்தாள். படியடியில் துண்டோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இப்பதாம்மா இது நெஜமான அப்பா மாதிரியே இருக்கு."