தலையாட்டியதற்கு ஒன்பது பேர் வந்தார்கள்

எனக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன என்பதும், அவை இரண்டும் ஒரே அளவு இல்லை என்பதும் இருபத்து நாலாவது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை கம்மல் மாட்டும் இடம் என்ற அளவில்தான் அவற்றோடு பழக்கம். புது இயர்போன் வாங்கப் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தெரிந்திருக்காது. பெரிய நஷ்டமும் இருந்திருக்காது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பைப்புகளை இணைக்கும் இரும்பு உதிரிகள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. தரச் சோதனைப் பிரிவு. கேஜ் என்கிற ஒரு அளவுகோலை உதிரிக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் ரிஜெக்ட். நாள் முழுக்க இதையே செய்ததால், உலகத்தில் எதையும் என்னால் சோதித்துச் சொல்லிவிட முடியும் என்று ஒரு திமிர் எனக்குள் வளர்ந்திருந்தது. (கழுத்தில் அடையாள அட்டை வேறு தொங்கும். சோப்பு போட்டுக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவேன் என்று அம்மா சொல்வார்.)

வீடு மீஞ்சூரில். போக அரை மணி, வர அரை மணி, மின்சார ரயில். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கியிருந்தேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதோடு இலவசமாக வந்த இயர்போனில் ஆறாவது மாதமே வலது பக்கம் செத்துவிட்டது. ஒயரைத் தாடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் மட்டும் உயிர் வரும். அதனால் கன்னத்தில் கை வைத்தபடியே தினமும் பயணம் செய்தேன். லேடீஸ் பெட்டியில் என்னைப் பார்த்த இரண்டு பேர் கிராம்பு வைக்கச் சொன்னார்கள். ஒருவர் பல் டாக்டர் விலாசமே எழுதிக் கொடுத்தார்.

இனி நல்லதாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். சாதாரணப் பெண்ணாக இருந்தால் ஒரு கடைக்குப் போய், பார்த்து, வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். நான் தரச் சோதனைப் பிரிவு அல்லவா? மீஞ்சூர் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உலகம் முழுவதும் இயர்போனைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று படித்தேன். எனக்கு அதற்கு முன் தெரிந்ததெல்லாம் பாட்டு கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதுதான். ஆனால் அங்கே மனிதர்கள் பாட்டுக்குள் வயலின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் இயர்போனின் பேஸ் என்கிற அடிமுழக்கம் ‘கொஞ்சம் சேறாக’ இருக்கிறது என்று வருத்தப்பட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மூன்றாவது வாரம் நானும் அவரோடு சேர்ந்து வருத்தப்பட ஆரம்பித்துவிட்டேன்.

நோட்டில் கட்டம் போட்டேன். பேஸ், தெளிவு, ஒயரின் உறுதி, காதில் நிற்கும் தன்மை. எதிரே பாஸ், ரிஜெக்ட். ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, நோட்டையும் பிளேயரையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்து நீட்டினார். கேட்டேன். மத்தளம் மட்டும் கேட்டது, பாடியவரைக் காணோம். ரிஜெக்ட். இரண்டாவதில் பாடியவர் வந்துவிட்டார், ஆனால் மூக்கடைத்தவர் மாதிரி இருந்தார். அதுவும் ரிஜெக்ட். கடைக்காரர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ஏம்மா, பாட்டு கேக்க வாங்குறியா, பரீட்ச வைக்க வாங்குறியா?”

மூன்றாவதாக அவர் எடுத்ததுதான் காதுக்குள் சொருகுகிற வகை. முனையில் ரப்பர் மூடி. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு கூடவே வந்தது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில்தான் என் காதுகளின் உண்மை வெளிப்பட்டது. இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குச் சிறியது. (என் கேஜில் என் காதே ரிஜெக்ட்.) சரியான ரப்பர் பொருந்திய கணத்தில், கடைக்கு வெளியே ஆட்டோ, பைக், தள்ளுவண்டிக்காரர் குரல் எல்லாம் கதவைச் சாத்தியது போல நின்றுபோயின. பாட்டு மட்டும் இருந்தது. வயலின் இடது மூலையில் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு கட்டத்திலும் பாஸ் போட்டேன்.

எல்லாவற்றையும் சோதித்தேன். இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர் பேசினால் கேட்குமா என்பதை மட்டும் சோதிக்கவில்லை. அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

அடுத்த புதன்கிழமை மாலை. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, காதை அடைத்துக்கொண்டேன். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். கழுத்தில் சிலுவை டாலர், மடியில் ஒயர் கூடை. என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலை போடுகிறார் என்று நினைத்தேன். பொன்னேரி தாண்டியும் அசைந்தது. இவ்வளவு நேரம் ஒரே வெற்றிலையா என்று ஒருமுறை யோசித்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

புது இயர்போனில் பேஸ் அப்படி இருந்தது. தாளத்துக்குத் தலை தானாக ஆடியது. மேலும் கீழும் இல்லை, நம்மூர் ஆட்டம், இடமும் வலமுமாக. இடையிடையே அவர் முகத்தைப் பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்பு. மீஞ்சூரில் நான் இறங்க எழுந்தபோது அவர் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். முன்பின் தெரியாதவர்கள்கூட என்மீது இவ்வளவு பிரியமாக இருக்கிறார்களே என்று வீடு வரை மகிழ்ந்துகொண்டே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் கானாங்கெளுத்தி கழுவிக்கொண்டிருந்தார். அம்மா மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். நான் நைட்டியில், தலை முழுக்க வெந்தயத்தை அரைத்து அப்பிக்கொண்டு, பின்வாசல் படியில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தேன். (வெந்தயம் காதுக்குள் இறங்காமல் இருக்க அந்த ரப்பர் மிக நல்லது. இதை யாரும் இணையத்தில் எழுதவில்லை.) கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்ததால், வாசலில் வேன் வந்து நின்றதோ, அம்மா மூன்று முறை கூப்பிட்டதோ கேட்கவில்லை. தோளில் யாரோ தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால், கூடத்தில், ஒன்பது பேர். தட்டுகளில் பூ, ஆப்பிள், இனிப்பு. எல்லோருக்கும் முன்னால் ரயில் அம்மா.

காதிலிருந்து உருவினேன். அம்மா என்னிடம் மிக மெதுவாகக் கேட்டார். எங்கள் அம்மா மெதுவாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

“இன்னாடி இது? நீதான் வரச் சொன்னியாமே.”

அந்த அம்மாவின் பெயர் பிலோமினா. கவரைப்பேட்டைப் பக்கம் வீடு. புதன்கிழமைதோறும் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டு, அங்கிருந்து அத்திப்பட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர், அன்று என் அடையாள அட்டையில் எமல்டா என்ற பெயரைப் படித்ததும் நம்ம சனம்தான் என்று பேச்சுக் கொடுத்திருக்கிறார். மூத்த மகன் சேவியர், லேத் பட்டறையில் வேலை, பெண் தேடுகிறோம், உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். சிரித்திருக்கிறேன். உங்கள் வீடு மாதா கோயில் தெருவா என்று கேட்டிருக்கிறார். ஆட்டியிருக்கிறேன். (அது மட்டும் எப்படியோ சரியாக இருந்தது. மீதியை நம்புவதற்கு அவருக்கு அது போதும்.) ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாமா என்றதற்கும் ஆட்டியிருக்கிறேன். கோயிலில் விசாரித்து நேரே வந்துவிட்டார்கள்.

கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்த பிறகு, பிலோமினா அம்மா என் சம்மதங்களை ஒவ்வொன்றாக என் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொன்னார். ஊட்டில் மூன்று மாடு இருக்கிறது, பால் கறப்பியா என்று கேட்டாராம், நான் ஆட்டினேனாம். சாணி அள்ளுவியா என்றதற்கு முன்னைவிட வேகமாக ஆட்டினேனாம். (பாட்டில் சரணம் முடிந்து மத்தளம் ஏறுகிற இடமாக இருந்திருக்க வேண்டும்.) கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவியா என்று கேட்டபோது நான் கண்ணை மூடி, சிரித்து, ரசித்து ஆட்டினேனாம்.

இந்த இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. அந்த வேலைக்கு என்னை அனுப்ப அவர் என் அப்பாவோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியிருந்தார். தெரு முழுக்க ஒன்று சொன்னது, அவர் ஒன்று சொன்னார். அதை நான் முன்பின் தெரியாத ஒருவரிடம், ரயிலில், சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் நினைத்துவிட்டார். அவர் கண்ணில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அப்பா மீன் கையோடு வாசற்படியில் நின்றிருந்தார். “நீ இதெல்லாம் சொன்னியாம்மா?” என்றார்.

“நான் ஒண்ணுமே சொல்லலப்பா.”

“ஆமாங்க, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல,” என்றார் பிலோமினா அம்மா. “தலையத்தான் ஆட்டுச்சு. இந்தக் காலத்துல இவ்ளோ அடக்கமா ஒரு பொண்ணான்னு நெனச்சிக்கினு போனேன்.”

என்னை அடக்கமான பெண் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதலும் கடைசியும். நெற்றியில் வெந்தயம் வழிய, நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. காதில் ஒரு ஒயர் இருந்தால் அரை மணி நேரப் பேச்சு எப்படிக் கேட்காமல் போகும் என்று அவர்களோடு வந்திருந்த ஒரு பெரியப்பா கேட்டார். அப்போது மாப்பிள்ளையாக வந்திருந்த சேவியர் முதன்முறையாக வாயைத் திறந்தார். “அத எங்கம்மா காதுல போட்டுப் பாக்கலாமே,” என்றார்.

முனையைத் துடைத்து, ரப்பர் மாற்றி, பிலோமினா அம்மாவின் காதில் நானே பொருத்தினேன். (அவருக்கு இரண்டு காதும் ஒரே அளவு.) பாட்டு ஓடியது. அவர் முகம் முதலில் சந்தேகமாக இருந்தது, பிறகு மலர்ந்தது. பிறகு தலை ஆட ஆரம்பித்தது. இடமும் வலமும். சேவியர் எழுந்து அவருக்கு எதிரே போய் நின்றார். சாதாரணக் குரலில், சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

“எம்மா, எனக்கு ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணம் வாணாம். சரியா?”

பிலோமினா அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தபடி ஆட்டினார்.

“மாட்டையும் வித்துடலாம்.”

இன்னும் வேகமாக ஆட்டினார்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்தார்கள். அப்பா சிரித்ததில் கையிலிருந்த மீன் செதில் சுவரெல்லாம் தெறித்தது. அம்மாவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. இதற்குள் பிலோமினா அம்மா இயர்போனை உருவிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். யாரும் சொல்லவில்லை, அவருக்கே புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அந்த ரப்பர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க ஊட்ல நான் பேச ஆரம்பிச்சா ஒருத்தரும் உக்கார மாட்டாங்கமா,” என்றார் என்னிடம். “நீ அரை மணி நேரம் கேட்டியேன்னுதான் எனக்கு அவ்ளோ சந்தோஷம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கேட்காத பேச்சுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மூன்று பேருக்கு வாங்கிய மீனில் பன்னிரண்டு பேருக்குக் குழம்பு ஆனது. மீன் துண்டு கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பெரியப்பாவுக்குப் புளித்தண்ணீர்தான் கிடைத்தது, இருந்தும் ருசி என்றார்.

அடுத்த புதன்கிழமை கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் பிலோமினா அம்மாவைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனைப் பைக்குள் போட்டு, முந்தைய வாரம் பேசியதை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். மாடுகளின் குணம், முட்டி வலி, மருமகன் போக்கு என்று எதுவும் மிச்சமில்லை. மீஞ்சூர் வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. மீதிக்காக நான் அத்திப்பட்டு வரை போய், எதிர்ப்பக்க ரயில் பிடித்துத் திரும்பினேன். மனிதர்களின் பேச்சைக் கேட்பதற்கு நிறைய நேரம் பிடிக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நான்கு வருஷம் கழித்து எனக்கு வேறொருவரோடு கல்யாணம் நடந்தது. (வேலையை விடச் சொல்லாதவர். மாடும் இல்லை.) பிலோமினா அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் என் அம்மா. பீடத்துக்கு முன்னால் சாமியார் என்னைப் பார்த்து, இவரைக் கணவராக ஏற்க முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று கேட்டார். எனக்குப் பதற்றத்தில் வார்த்தை வரவில்லை. தலையை ஆட்டினேன்.

அப்பா எழுந்து நின்றார்.

“ஃபாதர், இவ தலையாட்டுறத நம்பாதீங்க. வாயால வாங்கிக்கோங்க.”

முதல் வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தது. சாமியாரே புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் “சம்மதிக்கிறேன்” என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். ஆனால் கல்யாண வீடியோவில் சிரிப்பு மட்டும்தான் பதிவாகியிருக்கிறது, என் வாய் வெறுமனே அசைகிறது. ஒவ்வொரு கல்யாண நாளிலும் என் கணவர் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டி, இவள் இன்றுவரை எனக்குச் சம்மதம் சொன்னதற்குச் சாட்சியே இல்லை என்கிறார். வெற்றிலை போட்டிருப்பாள் என்று அப்பா எடுத்துக்கொடுக்கிறார்.