சாக்குத்தலை விளையாட்டு

"பெலாக்காங்!" என்று மலாய்ப் போலீஸ்காரர் கையை நீட்டினார். பின்னால் போ என்று அர்த்தம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி வல்லிபுரம் நகரவில்லை. அந்தச் சொல் தமக்கல்ல, வேறு யாருக்கோ என்று நினைத்தார். டையைச் சரிசெய்துகொண்டு, தாம் இன்ன தோட்டத்தின் தலைமைக் கிராணி என்று முழுநீள ஆங்கில வாக்கியம் ஒன்றைச் சொன்னார். போலீஸ்காரர் அதைக் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"எல்லாரும் சாமா-சாமா. பெலாக்காங்."

சுங்கை பட்டாணிக்கு வந்திருந்த பன்பேர் கேளிக்கைச் சந்தையில், ராட்டினம் ஏற அன்று பாதித் தோட்டம் நின்றது. எல்லாரும் ஒரே தரமாகிவிட்ட அந்த வரிசையின் நீளம் முழுவதையும், இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து வால்வரை அவர் நடக்கவேண்டியிருந்தது. வழியெல்லாம் "வணக்கம் ஐயா", "ஐயாவும் வரிசையிலயா?", "வாங்கய்யா, வாங்க". தம் வாழ்நாளில் இத்தனை வணக்கங்கள் இவ்வளவு உறுத்தியதில்லை.

"ஐயா, இங்க வாங்க. எனக்கு முன்னாடி நில்லுங்க. புள்ளைங்க பாவம்."

குரலைக் கேட்டதும் வல்லிபுரம் வேறு பக்கம் பார்த்தார். ரப்பர்ப் பால்மரம் வெட்டும் பரஞ்சோதி. மூன்று மாதமாக அவன் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே அவர் ஆபீசுக்குச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தார். பால் நிறுக்கும்போது அவன் முறை வந்தால் அவருக்குத் திடீரென்று துரையைப் பார்க்கும் வேலை வந்துவிடும்.

"வேண்டாம், வேண்டாம். நாங்கள் கடைசியில…" என்று ஆரம்பிப்பதற்குள் மகன் மனோகரன் இடத்தில் புகுந்து நின்றுவிட்டான். மகள் ரமணியும் புகுந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் புகுந்தார். முதுகுக்குப் பின்னால் பரஞ்சோதி. அவனுடைய மூன்று பிள்ளைகள்.

ராட்டினத்துக்கு எட்டுத் தொட்டில். மூன்று சுற்றுக்கு ஒரு தரம் மோட்டார் நின்றது. ஒருவன் சுத்தியலோடு போய் அதைச் சமாதானப்படுத்தினான். ஐந்து மணிக்குத் தோட்டத்து லாரி கிளம்பும். ஆறு மணிக்கு ஊரடங்கு.

"அப்பா, கால் நோகுது. எப்ப ஏறுறது?" என்றாள் ரமணி.

"பேசாமல் நில் பிள்ளை."

"எனக்கு அலுக்குது," என்று மனோகரன் தரையில் உட்கார்ந்து அழத் தயாரானான்.

பிள்ளைகளை மகிழ்விக்க வல்லிபுரத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "வாங்கோ, வாய்ப்பாடு சொல்லுவம். பன்ரெண்டாம் வாய்ப்பாடு."

மனோகரன் உடனே அழ ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்த அவரே உரத்த குரலில் சொன்னார். கவனமெல்லாம் முதுகில் இருந்தது.

"ஒன்பது பன்ரெண்டு நூற்றாறு…"

"நூத்தெட்டு ஐயா," என்றாள் பின்னாலிருந்து பரஞ்சோதியின் மூத்த பெண் பிரேமாவதி.

வரிசையில் ஒரு சிரிப்பு முன்னே ஓடி, ராட்டினம்வரை போய்த் திரும்பி வந்தது.

"புள்ளைய மன்னிச்சிருங்க ஐயா. வாய் நீளம்," என்றான் பரஞ்சோதி.

அவன் மன்னிப்புக் கேட்டதுதான் தாங்கவில்லை. யார் யாரிடம் கேட்கவேண்டியது! அந்த உறுத்தலில் வல்லிபுரம், பக்கத்தில் ஹபீப் முகம்மதுவின் கச்சான் கடலைக் கடையில் இருப்பதிலேயே பெரிய பையாக வாங்கினார். ஐந்து பிள்ளைகளுக்கும் பொது என்று அறிவித்தார்.

"ஐயாவுக்குப் பெரிய மனசு," என்றான் பரஞ்சோதி.

பெரிய மனசு கால் மணி நேரம் நீடித்தது. கச்சான் தீர்ந்தது, பை மிஞ்சியது. தடித்த பழுப்புத் தாளில் ஒட்டிய, ஒரு தலை தாராளமாக நுழையும் பை. பிரேமாவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலால் பொத்துப் பொத்தென்று இரண்டு ஓட்டை போட்டாள்.

"சாக்குத்தலை வெளையாடலாமா?"

"அது எப்பிடி?" என்றான் மனோகரன், அழுகையை நிறுத்தி.

"ஒருத்தங்க இதப் போட்டுக்கிட்டு ஒக்காரணும். மத்தவங்க முன்னாடி நடக்கணும். சாக்குத்தலை தலைய ஆட்டுச்சுன்னா லாரியில ஏறணும். அதோ, அந்தக் கல்லுதான் லாரி."

அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று வல்லிபுரத்துக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரையும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுத் திடலில் வரிசையாக நடக்கவிட்டார்கள். போலீஸ் லாரிக்கருகே நாற்காலியில் ஓர் உருவம். தலையிலிருந்து இடுப்புவரை கோணிச்சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அது தலையசைத்தால், நடப்பவன், காட்டிலிருந்து அரசாங்கத்தோடு சண்டைபோடும் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுப்பவன். அன்று அது ஒரே ஒரு தடவைதான் அசைந்தது. பரஞ்சோதி லாரியில் ஏறினான். பதினோரு நாள் கழித்து வீங்கிய முகத்தோடு வந்தான்.

அந்தச் சாக்குக்குள் இருந்தவர் வல்லிபுரம்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அவர் வீட்டுக்கே வந்து, "இந்தத் தோட்டத்தில் அரசாங்கம் நம்பக்கூடிய ஒரே மனிதர் நீங்கள்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தை வல்லிபுரம் மூன்று நாள் நாக்கில் வைத்து ருசித்தார். நான்காம் நாள் சாக்கு வந்தது.

"கூடாது!" என்றார் இப்போது. அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அது கூடாத விளையாட்டு!"

வரிசை திரும்பிப் பார்த்தது.

"ஏன் ஐயா? லயத்து வீடுங்கள்ல புள்ளைங்க தெனமும் வெளையாடுறதுதானே?" என்றாள் நாலு ஆள் முன்னால் நின்ற ராக்காயி.

"அது… சாக்குக்குள்ள இருந்தவர் அரசாங்கத்துக்குச் சேவை செய்தவர். கேலி செய்யக் கூடாது."

சொல்லி முடித்ததும் தம் நாக்கைக் கடித்துத் துப்பலாம்போல் இருந்தது.

"பெரிய சேவைதான் லா," என்றாள் ராக்காயி. "பரஞ்சோதி அண்ணன் மூஞ்சி ஆறுறதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு."

"இல்லையில்லை, நான் சொல்ல வந்தது வேறை. அவன் ஒரு கோழை! முகத்தை மூடிக்கொண்டு காட்டிக்கொடுக்கிறவன் ஆம்பிளையே இல்லை!" என்று வல்லிபுரம் அடுத்த பக்கத்துக்குத் தாவினார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மனமாரச் சொன்னார்.

"அப்பிடிச் சொல்லுங்க ஐயா!" என்று வரிசை மகிழ்ந்தது. "அப்ப ஐயாவே போட்டுக் காட்டட்டும், அந்தக் கோழை எப்பிடி உக்காந்திருந்தான்னு!"

"அப்பா போடுங்கோ! அப்பா போடுங்கோ!" என்று ரமணியும் மனோகரனும் குதித்தார்கள்.

மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்ற கேள்வி வரும். ராக்காயியின் கண் ஏற்கெனவே சற்றுச் சுருங்கியிருந்தது. யாரோ ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். வல்லிபுரம் உட்கார்ந்தார். பிரேமாவதி பயபக்தியோடு பையை அவர் தலையில் கவிழ்த்தாள்.

உள்ளே இருட்டு. இரண்டு ஓட்டை வழியே உலகம் அன்றைக்குப் போலவே இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர் கழுத்தை மரம்போல வைத்துக்கொண்டார். யாருக்கும் ஆட்டவில்லை.

"அப்பா, நீயும் வா!" என்று பிரேமாவதி இழுக்க, பரஞ்சோதி சிரித்துக்கொண்டே வந்தான்.

பைக்குள் கச்சான் தோலின் தூசி. மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது. அன்றைக்கும் இதேதான், அன்றைக்குச் சணல் தூசி. அன்று பொங்கி வந்த தும்மலைச் சத்தம் வராமல் அமுக்கினார். தும்மல் அடங்கியது, தலை ஆடியது. ஓட்டைக்கு வெளியே அந்த நேரம் பரஞ்சோதி. "இது தும்மல்!" என்று கத்திச் சாக்கைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் முகம் தெரிந்துவிடும். முகத்தை வைத்துக்கொண்டார், பரஞ்சோதியைக் கொடுத்துவிட்டார்.

இந்த முறை அமுக்கப் போவதில்லை என்று ஒரு முடிவு அவருக்குள் எழுந்தது. வீரம் என்று சொல்ல முடியாது. தும்மல் அதற்குள் வந்துவிட்டது.

"ஹச்ச்!"

தலை முழங்கால்வரை போய் வந்தது. பை நடுவில் கிழிந்து, கிழிசல் வழியே தலைமைக் கிராணியின் முகம் கச்சான் தோலோடு வெளியே வந்தது.

"அப்பா மாட்டிக்கிட்டாரு! அப்பா லாரியில ஏறணும்!" என்று பரஞ்சோதியின் பிள்ளைகள் கைதட்டினார்கள். வரிசை குலுங்கிச் சிரித்தது. அதே சமயம் மோட்டார் உயிர்பெற, வரிசை முன்னே நகர, பிள்ளைகள் ஐந்து பேரும் கூட்டத்தோடு ஓடினார்கள்.

பெட்டியில் வல்லிபுரமும் எதிரே பரஞ்சோதியும்தான் மிஞ்சினார்கள்.

"பரஞ்சோதி," என்றார். கழுத்தில் கிழிந்த பை மாலைபோலத் தொங்கியது. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அண்டைக்கும்… தும்மல்தான்."

பரஞ்சோதி குனிந்து அவர் தோளில் ஒட்டியிருந்த கச்சான் தோலைத் தட்டிவிட்டான்.

"சாக்குக்குள்ள நீங்கதான்னு அன்னைக்கே தெரியும் ஐயா."

"யார் சொன்னது?"

"போலீசுதான். 'உன்னைக் காட்டிக்குடுத்ததே உங்க கிராணி, அந்தாளு ஸ்டோர்லருந்து எத்தன மூட்டை அரிசி காட்டுக்கு அனுப்புறான்னு சொல்லிட்டுப் போடா'ன்னு பதினோரு நாளும் ஒங்களப் பத்தியேதான் கேட்டாங்க. 'எங்க ஐயாவுக்கு அவ்வளவு தைரியமெல்லாம் ஏதுங்க'ன்னு சொல்லித்தான் ஒங்களக் காப்பாத்தி வச்சிருக்கேன்."