திமிங்கிலமும் மதயானையும் ஒரு வாடகை மேசையும்

எதற்காகக் கூடுகிறோமோ அதைச் செய்வதற்காக யாரும் கூடுவதில்லை. கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாலி கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? மூன்று முடிச்சு, அவ்வளவுதான். ஆனால் முந்தின நாளே வந்து இறங்கி, எந்த மச்சான் எந்த மச்சானோடு பேசுவதில்லை, யார் வீட்டு மருமகள் சாம்பாரில் வெல்லம் போடுகிறாள் என்றெல்லாம் அலசித் தீர்க்கிறோமே, அதுதான் கல்யாணம். முடிச்சு அதற்குக் கிடைத்த சாக்கு. இந்த உண்மையை நான் ஒரு மல்யுத்தக் குழுவில் சொன்னதற்காக என்னைக் கண்டித்தார்கள். கடைசியில் என் நிச்சயதார்த்தமே கவிழப் பார்த்தது. அப்படியும் சொன்னதை நான் இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை.

மல்யுத்தம் என்றதும் என் உடம்பைக் கற்பனை செய்ய வேண்டாம். திருநெல்வேலி ஜங்ஷனில் மோட்டார் பம்பு விற்கும் கடையில் எனக்கு வேலை. இருப்பதிலேயே சின்ன மோட்டாரைக்கூட நான் ஒற்றை ஆளாகத் தூக்கியது கிடையாது. (ஒருமுறை முயன்றேன். ஒரு வாரம் லீவு.) ஆனால் போனுக்குள் நான் ஆறரை அடி உயரம். பெயர், தாமிரபரணித் திமிங்கிலம். ஆற்றில் ஏதுடா திமிங்கிலம் என்று கேட்டவனை மறுநாளே தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வீசியிருக்கிறேன். எழுத்தில்தான்.

டிவியில் மல்யுத்தம் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். ஆளுக்கொரு பயில்வானைக் கற்பனையாகப் படைத்து, அவன் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும். சவால் விட வேண்டும், எதிராளியின் ஏழு தலைமுறையையும் இழுக்க வேண்டும். எவன் எழுத்தில் அனல் அதிகமோ அவனே ஜெயித்தான் என்று குழுத் தலைவர் தீர்ப்புச் சொல்வார். தலைவர் முத்தையா அண்ணாச்சி, டவுணில் நோட்டு, பேனா விற்கும் கடைக்காரர். இத்தனை எலும்பு முறிவிலும் ஒருவர் மேல் ஒருவர் விரல்கூடப் பட்டதில்லை. பாதிப் பேர் முகத்தை மீதிப் பேர் பார்த்ததே இல்லை.

குழுவுக்குள் இரண்டு அறைகள். ஒன்று ‘கோதா’. அங்கே பயில்வானாக மட்டும்தான் பேசலாம். வானமே இடிந்து விழுந்தாலும் வேஷம் கலையக் கூடாது. இன்னொன்று ‘டீக்கடை’. அங்கே நாம் நாமாகவே இருந்து நாட்டு நடப்பு, வீட்டு நடப்பு எதுவும் பேசலாம். கோதாவுக்காகத்தான் குழு, டீக்கடை சும்மா இளைப்பாற. இது அண்ணாச்சியின் கட்சி.

நான் எதிர்க்கட்சி. கோதாவில் திமிங்கிலம் மாதத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டினால் அதிகம். டீக்கடையில் நான் காலையில் பல் விளக்கும்போதே ஆஜர். என்ன எழுதினாலும் கீழே அண்ணாச்சியின் பதில் ஒன்றே ஒன்றுதான் வரும்: “லே, மொதல்ல கோதாவுல எழுது.”

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சேரன்மகாதேவியில் பெண் பார்த்தார்கள். பெயர் காந்திமதி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இது நடக்காமல் போனால் என்ன செய்வேன் என்ற பயம் வருகிற அளவுக்குப் பிடித்துவிட்டது. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டதற்கு, எழுதுவேன் என்றேன். “கவிதையா?” என்றாள். “அந்த மாதிரித்தான்” என்றேன். (வம்சத்தை இழுப்பதும் ஒரு வகையில் கவிதைதானே.)

இதையெல்லாம் டீக்கடையில் தினமும் ஒப்பித்தேன். நிச்சயதார்த்தம் நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும், கல்யாணத்துக்கு நீங்கள் எல்லாரும் வரணும் என்றும் சொல்லி வைத்தேன். குழுவே வாழ்த்தியது. அண்ணாச்சி மட்டும் பொறுமை இழந்து சட்டம் போட்டார். சனிக்கிழமைக்குள் கோதாவில் எழுதாதவனுக்கு டீக்கடையில் இடமில்லை. “வந்த வேலையப் பாக்காதவனுக்கு டீ கெடையாது.”

அந்தச் சனிக்கிழமை நான் எங்கே இருந்தேன் தெரியுமா? நிச்சயப் புடவை எடுக்கும் கடையில். அம்மாவும் அத்தைமார்களும் ஒரே அரக்குச் சிவப்பில் வித்தியாசம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்து போனைத் திறந்தேன். மண்டைக்குள் நிச்சயதார்த்தத்தைத் தவிர எதுவுமில்லை. சரி, அதையே திமிங்கிலத்தின் வாயில் போட்டால் என்ன?

இங்கே ஒரு சம்பிரதாயத்தைச் சொல்ல வேண்டும். டிவி மல்யுத்தத்தில் பெரிய போட்டிக்கு முன்னால் ‘ஒப்பந்தக் கையெழுத்து’ என்று ஒரு சடங்கு உண்டு. நடுவில் மேசை, மேலே பத்திரம், இரண்டு பக்கமும் பயில்வான்கள். கையெழுத்து போட்டுவிட்டு, வணக்கம் சொல்லி, எல்லாரும் அமைதியாகக் கலைந்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த மேசை உடைந்தாக வேண்டும். மேசை உடையாவிட்டால் பார்க்கிறவனுக்குப் பந்தியில் பாயசம் விட்டுப்போன மாதிரி இருக்கும்.

நான் எழுதினேன்: “நாளை காலை சேரன்மகாதேவி மண்டபத்தில் என் வாழ்நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது! நெஞ்சில் உரம் இருப்பவன் வந்து தடுத்துப் பார்!” நம்பும்படி இருக்கட்டும் என்று மண்டபத்தின் பெயர், நேரம், பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்த்தேன். அண்ணாச்சி மகிழ்ந்து போனார். என் பரம வைரி மாஞ்சோலை மதயானை ஒரே சொல்லில் பதில் போட்டான்: “வருகிறேன்.” ஆகா, என்ன கம்பீரமான எழுத்து என்று ரசித்துவிட்டுப் போனை மூடினேன்.

மதயானையின் நிஜப் பெயர் சேவியர். பாளையங்கோட்டையில் இரும்புக் கடையில் வேலை. குழுவிலேயே நிஜமாக ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் அவன் ஒருவன்தான். அவனைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரே சங்கதி, அவன் அண்ணாச்சியின் உத்தம சீடன் என்பது. வெட்டிப்பேச்சு வேண்டாம் என்று டீக்கடையை மியூட் போட்டு ஊமையாக்கி, எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டவன். எனக்குப் பெண் பார்த்ததோ, பெண்ணுக்கு என்னைப் பிடித்ததோ, நிச்சயம் என்றைக்கு என்பதோ, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை, குழு ஒருவழியாக ஒரு நேரடிக் காட்சிக்கு நாள் குறித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தின் நடுவில் வாடகை மேசை. அதன் மேல் பழத்தட்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு, அரக்குச் சிவப்புப் புடவை. ஒரு பக்கம் என் அப்பா, மறுபக்கம் காந்திமதியின் அப்பா. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சிரிப்பதற்கும் விடைத்தாள் கேட்கிற முகம். நிச்சயப் பத்திரத்தை வாசித்து முடித்து அவர் பேனா மூடியைத் திறந்தார்.

வாசலில் டமார் என்று ஒரு பாட்டு வெடித்தது.

உள்ளே சேவியர் வந்தான். கறுப்பு பனியன், டிராக் பேண்டுக்கு மேலே பளபளவென்று ஒரு ஜட்டி, இடுப்பில் சாம்பியன் பெல்ட் மாதிரி ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைப் பட்டம். பின்னால் அவன் மச்சினன் ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு வந்தான். தவில்காரர் இதைக் குடும்ப வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். தாளத்தைப் பிடித்துச் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏலே திமிங்கிலம்! எங்கிட்ட கேக்காம ஒப்பந்தமா போடுத? இந்த மதயானை உசுரோட இருக்க மட்டும் இங்கன ஒரு கையெழுத்தும் விழாது!”

என் தாய்மாமா பக்கத்தில் இருந்தவரிடம், “பொண்ணுக்குப் பழைய பழக்கமா இருக்குமோ வே?” என்றார். எதிர்வரிசையில் அவர்கள் பக்கத்துச் சித்தப்பா, “மாப்பிள்ள வேற எங்கேயோ எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கான் போல” என்றார்.

அந்த நேரத்தில் மூளை உள்ளவன் என்ன செய்வான்? ஓடிப்போய் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போவான். நான் என்ன செய்தேன்? பல வருஷப் பழக்கம், கோதாவில் வேஷம் கலையக் கூடாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலி மேல் ஏறி நின்று, என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்படி கர்ஜித்தேன்.

“வாலே மதயானை! ஒன் தும்பிக்கையப் பிடுங்கி இந்த ஆத்துலயே கரைக்கேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் காந்திமதி கதவோரம் நிற்பதைப் பார்த்தேன். இறங்கி ஓடி, சேவியரின் காதில், “லே, இது நெசமான நிச்சயம்லே” என்றேன்.

“அருமையா நடிக்கிய, அப்படியே மெயிண்டெய்ன் பண்ணும்” என்றான் அவன்.

“நெசமாத்தாம்லே! டீக்கடைல தெனமும் போட்டனே!”

“டீக்கடையா? நான் அந்தப் பக்கமே வாரதில்லையே.” அவன் பார்வை மெதுவாகப் பழத்தட்டுக்குப் போனது, பிறகு புடவைக்கு, பிறகு வாத்தியார் முகத்துக்கு. “ஐயையோ, ஏசுவே!”

சேவியர் நல்லவன். நேரே போய் வாத்தியாரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். குனிவதற்காக மேசையில் ஒரு கையை ஊன்றினான். வாடகை மேசை சேவியர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. கால் மடங்கி, தேங்காய் உருண்டு, பழங்களும் புடவையும் சேவியரோடு சேர்ந்து தரையில் கிடந்தன. சம்பிரதாயம் சுத்தமாக நிறைவேறியது. தவில்காரர் ஒரு தீர்மானம் வாசித்துத் தாளத்தை முடித்தார்.

விழுந்த இடத்திலிருந்தே சேவியர் போன் குழு, கோதா, டீக்கடை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். வாத்தியார் எழுந்தார். பேனாவை மூடினார். “இன்னைக்கு வேண்டாம். பொறவு பாப்போம்.” எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் அந்தப் ‘பொறவு’ வரவே வராது.

அப்பா என் கையைப் பிடித்தார். “இந்தக் கூத்த இனிமே விட்டுருதேன்னு சொல்லுலே.”

வாத்தியாரும் நின்று திரும்பினார். “விட்டுருதேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லட்டும். கையெழுத்து போடுதேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். காந்திமதியைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், அது திமிங்கிலத்தின் கோபம் இல்லை, என்னுடையது.

“கோதாவ வேணா விடுதேன். எப்படியும் அங்கன நான் எழுதுததில்ல. டீக்கடைய விடமாட்டேன் மாமா. எங்கப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் அன்னைக்கு ரத்தம் வேணும்னு அங்கனதான் ஒரு வரி போட்டேன். மூஞ்சியே பாத்திராத ஆளுவ வரிசைல வந்து நின்னாவ. அண்ணாச்சி கடையப் பூட்டிட்டு மூணு நாளு கஞ்சி கொண்டாந்தாரு. வெட்டிப்பேச்சு பேசுன ஆளுவதான் வந்தாவ. அவியள விட்டுட்டு வாரவன் நாளைக்கு ஒங்க மகளையும் விட்டுருவான்.”

என் கையைப் பிடித்திருந்த அப்பா மெல்ல விட்டுவிட்டார். அந்தக் கஞ்சியைக் குடித்தவர் அவர்தானே.

காந்திமதி நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள். “போனைக் குடுங்க. இதத்தான் எழுதுதேன்னு சொன்னியளா?”

கொடுத்தேன். நின்றபடியே டீக்கடையை மேலே தள்ளித் தள்ளி வாசித்தாள். எனக்கு வேர்த்து ஊற்றியது, ஏனென்றால் அதில் முழுக்க அவள்தான் இருந்தாள். பிறகு, வகுப்பில் பாடம் வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்தாள். “‘இன்னைக்கு அவ ரெண்டு தடவ சிரிச்சா. ரெண்டாவது தடவ நான் ஜோக்கே சொல்லல. இது நல்லதா கெட்டதா?’” கீழே அண்ணாச்சியின் பதிலையும் விடவில்லை. “‘நல்லதுதான். லே, மொதல்ல கோதாவுல எழுது.’”

முதலில் சிரித்தது என் அத்தை. பிறகு தவில்காரர். காந்திமதி சிரிக்காமல் தன் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். “அப்பா, கையெழுத்து போடுங்க. நான் இவுகளத்தான் கட்டுவேன். ஒளிச்சு மறைக்கத் தெரியாத ஆளு.”

“அவ்வளவு பேரு முன்னால நாற்காலில ஏறிக் கத்துனவனையா?”

“ஆமா.”

வாத்தியார் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே கிடந்த மேசையைப் பார்த்தார். “எதுல வச்சுப் போட?”

சேவியர் அப்போதும் முட்டி போட்டு, உருண்டு போன பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முதுகு அகலமாக, நேராக, காலியாக இருந்தது. வாத்தியார் அவன் பக்கத்தில் போய், “அசையாதிய தம்பி” என்று சொல்லி, நிச்சயப் பத்திரத்தை அந்தக் கறுப்பு பனியன் மேல் விரித்துக் கையெழுத்து போட்டார். பிறகு அப்பா போட்டார். மதயானை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

அன்று மாலை கோதாவில் அண்ணாச்சியின் தீர்ப்பு வந்தது. டீக்கடைச் சமாச்சாரத்தைக் கோதாவுக்குள் கொண்டுவந்த குற்றத்துக்காகத் திமிங்கிலம் தோற்றது. கையெழுத்து விழவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தானே மேசையாகிப்போன குற்றத்துக்காக மதயானையும் தோற்றது. பட்டம் மணப்பெண்ணுக்கு. அந்த அட்டைப் பட்டம் இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் குரலை உயர்த்தினால் காந்திமதி அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வாள். சேவியர் இப்போது டீக்கடையில் என்னைவிட அதிகம் பேசுகிறான். எனக்கே சில நாள் அவனை ஊமையாக்கலாமா என்று தோன்றும்.

எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்குப் பிறகு யாரும் நிம்மதியாகக் கையெழுத்து போட்டதில்லை. கேஸ் இணைப்பா, பத்திரப் பதிவா, எதுவானாலும் பேனாவைத் திறந்தவுடன் யாராவது ஒருவர், “மேசையப் பிடிங்கலே!” என்பார். சமீபத்தில் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். நான் விண்ணப்பத்தில் கையெழுத்திடக் குனிந்தேன். மாமனார், அந்தச் சிரிக்காத கணக்கு வாத்தியார், எழுந்து வந்து தலைமையாசிரியையின் மேசையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்க போடுங்க மாப்பிள்ள” என்றார் மாமனார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக டீக்கடையில் எழுதினேன். உடனே அண்ணாச்சியின் பதில் வந்தது.

“ரொம்ப சந்தோசம் லே. கோதாவுல எப்ப எழுதப் போற?”