வண்டிக்குப் பின்னால் என் போன் நம்பர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுவது. இங்கு நான் நலம், லாரியும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? நீங்கள் வக்கீல் என்பதால் ஒரு சந்தேகம். ஒரே ஆளுக்குள் இரண்டு டிரைவர் இருந்தால் சட்டம் யாரைப் பிடிக்கும்?

நம் லாரி டிரைவரை உங்களுக்குத் தெரியும், எல்லோரும் 'ஆமை' என்று கூப்பிடுவார்களே, அவர்தான். பதினொரு வருடமாகத் தொழிற்சாலையிலிருந்து ஜன்னல் கண்ணாடி ஏற்றிப் போகிறார், ஒரு கீறல் விழுந்ததில்லை. புது வேகத்தடையைக் கண்டால் இறங்கி உயரம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார். லாரியின் பின்னால் 'டிரைவர் எப்படி ஓட்டுகிறார்? முதலாளியிடம் சொல்லுங்கள்' என்று என் நம்பரோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன் அல்லவா, அதற்கு இத்தனை வருடத்தில் வந்தது ஒரே புகார்: "கொஞ்சம் சீக்கிரமாப் போகச் சொல்லுங்க சார்!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "உங்க டிரைவர் பறக்கிறார் சார், சிக்னல்ல நிக்கவே இல்ல." லாரி என் வாசலில்தான் நிற்கிறது என்றேன். "லாரியா? சின்ன சிவப்புக் கார் சார்!" மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை வீணாக்க மனமில்லாமல் அவரிடமே கொடுத்திருந்தேன், மனிதர் கம்பெனிப் பாசத்தில் சொந்தக் காரிலும் ஒட்டிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. அடுத்த ஞாயிறு நோட்டும் பேனாவுமாகப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது பத்துக்குக் கடைத்தெருவிலிருந்து ஒரு புகார், ஒன்பது பதினான்குக்குப் பாலத்திலிருந்து ஒன்று. லாரியில் அதே தூரத்துக்கு அரைமணி எடுப்பவர்! உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை செவ்வாய்க்கிழமை போய்விட்டது. மூன்று முறை வேகத்தில் பிடிபட்டதால் லைசென்ஸை ஏன் முடக்கக்கூடாது என்று அவருக்கு நோட்டீஸ், அடுத்த வாரம் விசாரணை. காருக்கும் லாரிக்கும் ஒரே லைசென்ஸாமே! கார் செய்த குற்றத்துக்கு லாரியும் நிற்க வேண்டுமாம். தொழிற்சாலை மேனேஜர் காதுக்கும் போய்விட்டது. "லீவு நாள்ல அப்படி ஓட்டுறவரை நம்பி நான் கண்ணாடி ஏத்த முடியாது. ஆளை மாத்துங்க, இல்லேன்னா நாங்க லாரியை மாத்திக்கிறோம்." இருப்பது ஒரு லாரி. அதுதான் இரண்டு குடும்பத்துக்கும் சோறு.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆறு நாளும் முதுகுக்குப் பின்னால கண்ணாடி இருக்கு முதலாளி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமை பின்னால என் வீட்டுக்காரி மட்டும்தான். அவ உடையமாட்டா." சொல்லிவிட்டு அழுதுவிட்டார். போகும்போதும் சும்மா போகவில்லை, என் காரைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போனார்.

ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேலைநீக்கக் கடிதம் எழுதிவிட்டேன். வேலை நாளுக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று என்று ரோட்டில் இரண்டு ஒழுக்கம் கிடையாது என்பதை நாலு பக்கம் விளக்கியிருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன், பிழை பார்த்து அனுப்பவும். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வர என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: தபாலுக்கு நேரமாகிவிட்டதென்று காரை விரட்டிக்கொண்டு போகும்போது போன் அடித்தது. எடுத்தேன், ஒரு அம்மா. "சார், நான் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். உங்க டிரைவர் சிவப்பு விளக்கைத் தாண்டி எங்க பஸ்ஸை உரசுற மாதிரிப் போறார்." "கவலைப்படாதீங்கம்மா, அந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டு எடுத்துட்டேன்" என்றேன். "என்னத்தை எடுத்தீங்க? இப்போ போன் வேற பேசிக்கிட்டே ஓட்டுறார்!"

ஓரம் கட்டி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். மனிதர் கழுவியதோடு நிற்கவில்லை, பளபளவென்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறார். நாலு பக்கத்தையும் அங்கேயே கிழித்துவிட்டேன். மேனேஜரிடம் நானே போய் நடந்ததைச் சொல்கிறேன். விசாரணையில் அவருக்காக நீங்கள்தான் பேச வேண்டும், எனக்கும் நோட்டீஸ் வந்தால் எனக்காகவும். லாரியிலேயே வருகிறோம், அவரே ஓட்டட்டும். பத்து மணி விசாரணைக்கு ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறோம்.