கட்டுச்சேவலும் சர்க்கார் வேலையும்

கொழிஞ்சாம்பாறை,
12-8-1974

சின்னக்கானல் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கும் மச்சான் அழகுமலை அவர்களுக்கு, குப்பண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கச்சி சுகம், எருமை சுகம், கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. நான் ஒருத்தன்தான் இடி விழுந்தவனாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பையன் செல்லத்துரைக்கு மிருகாஸ்பத்திரியில் பியூன் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது உங்களுக்குத் தெரியும். தைப்பொங்கலுக்குச் சேவல்கட்டில் காசு வைத்துச் சேவலை மோதவிட்டுப் பிடிபட்டு, சித்தூர் கோர்ட்டில் அவன் அபராதம் கட்டியதும் தெரியும். தண்டனை வாங்கினவனுக்கு சர்க்கார் வேலையா, போலீஸ் விசாரிக்க வந்தால் எல்லாம் போச்சே என்று நினைத்தேன். அதனால் வீடுவீடாகப் போய், "ஆரு வந்து கேட்டாலும், குப்பண்ணன் பையன் சேவலையே தொட்டதில்லைன்னு சொல்லிப்போடுங்க" என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவைத்தேன்.

நேற்று பொள்ளாச்சி பஸ் வந்த நேரத்துக்கு வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒருத்தர் வாசலில் வந்து நின்று, பையன் எப்படி என்றார். பொள்ளாச்சியில் நாம் பேசிவைத்திருக்கும் பெண்ணின் அப்பாவுக்குச் சேவல்கட்டு என்றால் உயிராச்சே, அவர் அனுப்பிய ஆள்தான் என்று உட்காரவைத்து மோர் கொடுத்து, "ஏனுங்க, எம்பையனாட்டம் சேவல் உட இந்தச் சுத்துவட்டாரத்துல ஆள் கெடையாதுங்க. கோர்ட்டுல கேட்டப்பக்கூட, ஆமா கட்டுனேன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னானுங்க!" என்று அளந்தேன். அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, "நான் போலீஸுங்க" என்றார். மச்சான், எனக்கு மூச்சே நின்னுபோச்சு!

வேட்டிக்குக் கீழே அந்த ஆளு போட்டிருந்த சர்க்கார் வார்ச்செருப்பைப் பாத்ததுமே தெருவுல அத்தனை பேருக்கும் போலீஸுன்னு தெரிஞ்சுபோச்சாமுங்க. நான் சொல்லிக்குடுத்ததை அட்சரம் பிசகாம ஒப்பிச்சிருக்காங்க. எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியலை. "ஊரே ஒரே பொய்யைச் சொல்லுது, நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க"ங்கிறார். அதோட விட்டாரா? நம்ம பையனே வேலைக்குப் போட்ட மனுவுல கேஸை எழுதிட்டானாம், பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம! உள்ளே ஓடி அவனை உலுக்கினா, "ஒளிச்சு வேலைக்குப் போனா தெனமும் பயந்துட்டே போகோணுமுங்கப்பா. குடுத்தா இப்படியே குடுக்கட்டும்"ங்கிறான். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், கண்ணுல தண்ணி ஒரு பக்கம்.

இனி அந்த வேலை கிடைக்காது. கோர்ட்டு ஏறினவனை எவன் சேர்ப்பான்? உங்கள் எஸ்டேட்டில் இவனுக்கு ஒரு வேலை பார்த்து வையுங்கள். கேஸைப் பற்றி அங்கே மூச்சு விடாதீர்கள்.

அக்காவையும் பிள்ளைகளையும் மலைக்குளிர் அண்டாமல் மாரியாத்தா காக்கட்டும்.

இப்படிக்கு,
குப்பண்ணன்

பி.கு.: பசை தேடிப் போனதில் இந்தக் கடிதம் ஒரு மாதமாக உத்தரத்தில் செருகியபடியே கிடந்துவிட்டது. அதற்குள் வேலை உத்தரவு வந்துவிட்டது! சின்ன கேஸ், மறைக்கவும் இல்லை என்று சேர்த்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் பையன், இனிமேல் சேவலைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். அதைக் கேட்டு பொள்ளாச்சிக்காரர் பெண் தரமாட்டேன் என்கிறார். சேவல் இப்போது என் கையில்தான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய கட்டு. அந்த எஸ்டேட் வேலையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்குத் தேவைப்படலாம்.