நமக்கு இருமல்

இனிமேல் இந்த வீட்டில் ஆய்வைக் கேட்காமல் ஒரு தும்மல்கூட நடக்காது என்று பதிவறை எழுத்தர் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செய்தித்தாளில் குழந்தைகள் நலம் பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். பெற்றவர்களுக்குத் தைரியம் சொல்ல எழுதிய வரி அது. அவர் அதைப் படித்துவிட்டு, "எட்டா" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அவர்கள் மாடியில் இரண்டு அறை கொண்ட வீட்டில் இருந்தார்கள். ஏறிப் போகப் பதினெட்டுப் படி. ஜன்னலை ஒட்டி மகளுடைய சின்னக் கட்டில். ஏழு வயசு அவளுக்கு. உடம்பு ஒல்லி, தலை மட்டும் சுருட்டை முடியோடு உருண்டையாக இருக்கும். அதனால் அப்பா வைத்த பெயர் குண்டூசி. குண்டூசி இல்லாவிட்டால் தாளெல்லாம் பறந்துவிடும் என்பது பதிவறையில் இருப்பவருக்குத் தெரியாதா? அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வீடு முழுக்கத் தைல வாசனை அடிக்கும். பாதரசத் தெர்மாமீட்டரை அவர் உதறுகிற வேகத்தில் கை கழன்று விழுந்துவிடுமோ என்று மனைவி பயப்படுவாள். நெற்றியில் ஈரத் துணியோடு குண்டூசி, "அப்பா, கதை" என்று கம்மிய குரலில் கேட்பாள். அவருக்குத் தெரிந்த கதைகள் எல்லாமே காணாமல் போன கோப்பு எப்படிக் கிடைத்தது என்பதைப் பற்றியவை. அவள் அதையும் கண் விரியக் கேட்பாள்.

அந்த ஞாயிறு அன்று அவளுக்கு லேசான இருமல். அவர் நீளமான நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். நாள், நேரம், வகை, எண்ணிக்கை, குறிப்பு.

"என்னங்க எழுதுறீங்க?" என்றாள் மனைவி.

"பதிவு."

"எதை?"

"இருமலை."

"அது வந்துட்டுப் போயிடுச்சேங்க. எழுதி வச்சுத் திருப்பிக் கூப்பிடப் போறீங்களா?"

"உனக்குப் புரியாது. ஆய்வு சொல்லுது, சளி இருமல் சில சமயம் ரெண்டு மூணு வாரம்கூட இழுக்குமாம்."

"தானா சரியாயிடும்னும் சொல்லியிருக்குமே."

"அது அடுத்த வரி."

"அதையும் படிங்க."

"ஒவ்வொரு வரியாத்தான் படிக்கணும். ஆய்வுன்னா சும்மாவா?"

"நானும்தான் தினமும் ஆயுறேன், கீரையை. எந்தப் பேப்பர்ல போட்டாங்க?" என்று அவள் கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையல்கட்டு வாசல்வரை போனவள் திரும்பி, "அந்த ஆய்வுக்குப் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டாள்.

"ஆய்வுக்கு ஏது பிள்ளை?"

"அப்ப அதுக்குத் தெரியாது."

நோட்டு வளர்ந்தது. வறட்டு இருமல், ஈர இருமல், சந்தேகத்துக்குரிய இருமல் என்று மூன்று வகை. கடைசி வகையில் கொட்டாவி, ஏப்பம் எல்லாம் அடங்கும். ஒரு வாரம் இப்படிப் போனது. தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணியதில், விடியும்போது அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருக்கும். அலுவலகத்தில் முத்திரையைக் கோப்பில் குத்துவதற்குப் பதிலாகத் தன் இடது கையில் குத்திக்கொண்டார். 'பெறப்பட்டது' என்று மணிக்கட்டில் ஊதா நிறத்தில் எழுதியிருந்ததை மனைவி பார்த்தாள். சோப்பு எடுத்துக் கொடுத்தாள்.

சங்கடம் வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து. வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கலங்கரை விளக்கம் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுமதிச் சீட்டு அனுப்ப வேண்டும். குண்டூசிக்கு அந்தச் சீட்டு வந்ததிலிருந்து கால் தரையில் இல்லை. உச்சிவரை இருநூற்றுப் பன்னிரண்டு படி என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வீட்டுப் பதினெட்டுப் படியை நாளுக்குப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு தடவை ஏறினா நாலு படி கூடவே ஆகுதும்மா. அது போனஸ்" என்றாள்.

அப்பா சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கலங்கரை விளக்கமா? உச்சியில காத்து அடிக்குமே."

"காத்து அடிக்காம அங்க என்னங்க அடிக்கும்?" என்றாள் மனைவி. "காத்துல நின்னா சளி பிடிக்காது, கிருமியாலதான் பிடிக்குதுன்னு உங்க பேப்பர்லயே போட்டிருந்துச்சு. கீரையை அதுலதான் கொட்டி வச்சிருந்தேன். படிச்சேன்."

"அது வேற ஆய்வு."

"பின்னே உங்களது எது?"

"மூணு நாள் பதிவேட்டுல பூஜ்யம் வரணும். அப்புறம்தான் கையெழுத்து."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று பூஜ்யம் சேர்வதற்குள் கலங்கரை விளக்கம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்பித் தூங்கியிருப்பார்கள். குண்டூசி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது விரலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதால் மூக்கு ஒழுகும், அதுவும் பதிவேட்டில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் போடாமல் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மகள் படியில் உட்கார்ந்திருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார். ஆனால் பதினைந்து வருஷம் தாளோடு வாழ்ந்த மனிதர். தாள் சொல்லாததைச் செய்ய அவருக்குக் கை வராது.

மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "டாக்டரம்மா எழுதிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

"எழுத்துல இருந்தா ஒத்துக்குவேன். தாள்ல என்ன இருக்கோ அதுதான். நானே நினைச்சாலும் மீற மாட்டேன்."

"சத்தியமா?"

"பதிவறையில வந்து கேட்டுப் பாரு."

"அங்க வேற எதுக்கு. நீங்க சொன்னா போதும்" என்றாள் அவள்.

மறுநாள் மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, தொடர்ச்சியாக. கழற்றிய ஒரு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். மனைவி கதவைப் பூட்டிக்கொண்டு நிதானமாகப் பின்னால் வந்தாள்.

டாக்டரம்மாவின் அறை தெருமுனையில்தான். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் வளர்த்தவர். பிள்ளையை மேசைமேல் உட்கார வைப்பதற்குள் அப்பா தொடங்கிவிட்டார்.

"நமக்குப் பத்து நாளா இருமல் டாக்டர்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். ராத்திரியில சுத்தமா தூக்கம் இல்ல. சாப்பாடும் இறங்க மாட்டேங்குது."

டாக்டரம்மா நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்தார். "சாப்பாடு இறங்காதது யாருக்கு?"

"நமக்கு டாக்டர். நெஞ்சு படபடங்குது. சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுது நமக்கு."

"படபடப்பும் உங்களுக்குத்தானா?"

"ஆமா டாக்டர், எல்லாம் நமக்குத்தான்."

பிள்ளைக்கு வந்ததைத் தனக்கு வந்ததாகவே பேசிப் பழகியவர். அவளுக்குப் பல் முளைத்தபோது, "நமக்கு ரெண்டு பல் வந்தாச்சு" என்று அலுவலகத்தில் சொல்லி, மேலதிகாரி அவருடைய வாயையே உற்றுப் பார்த்தாராம். அது அவருக்கு நினைவிருக்கவில்லை.

மனைவி பேசியது ஒரே ஒரு வாக்கியம். "ரெண்டு பேரையும் பாருங்க டாக்டர்."

டாக்டரம்மா பிள்ளையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தொண்டையைப் பார்த்தார். காதில் விளக்கடித்தார். பிறகு அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று விளையாட்டுக்குப் பார்க்கிறார்போல என்று அவரும் ஒத்துழைத்தார். "வலிக்கவே இல்ல பாரு" என்று குண்டூசியிடம் சொன்னார்.

டாக்டரம்மா இரண்டு சீட்டு எழுதினார். ஒன்று மனைவி கைக்குப் போனது. இன்னொன்றை அப்பா எட்டி வாங்கிக்கொண்டார். தெருவிளக்குக்குக் கீழே நின்று படித்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று நாள் முழு ஓய்வு. வெளியே போகக் கூடாது. கவலை தரும் விஷயம் எதையும் படிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். குண்டூசியின் உதடு பிதுங்கியது.

"பாத்தியா? நான் சொன்னப்ப ஆய்வு ஆய்வுன்னு கிண்டல் பண்ணினே. இப்ப டாக்டரே எழுதிட்டாங்க, ஓய்வு. வியாழன், வெள்ளி, சனி. கலங்கரை விளக்கம் எங்கயும் ஓடிப் போகாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"தாள்ல இருக்கறபடிதானே?" என்றாள் மனைவி.

"அட்சரம் பிசகாம."

"அப்ப மேல இருக்கறதையும் படிங்க."

"மேல என்ன? பேரும் வயசும்."

"அதைத்தான்."

அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய பெயர். முன்னெழுத்துக்கூட மாறவில்லை. வயது நாற்பத்தொன்று.

"டாக்டருக்குக் கைத் தவறு."

"யாருக்கு யாருக்குன்னு மூணு தடவை கேட்டாங்க. நமக்கு நமக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அது பேச்சு வழக்கு."

"எழுத்துல வந்தாச்சே." அவள் தன் கையிலிருந்த சீட்டைப் பிரித்தாள். "இது குட்டியோடது. நெஞ்சு சுத்தமா இருக்கு, மருந்து வேண்டாம், சுற்றுலா போகலாம்னு போட்டிருக்காங்க. முத்திரையும் இருக்கு. பாத்துக்கங்க."

அவர் முத்திரையைப் பார்த்தார். நேராக, தெளிவாக, மை சிதறாமல் குத்திய முத்திரை. பதிவறையில் இருப்பவரால் அப்படிப்பட்ட முத்திரையை எதிர்த்து என்ன செய்ய முடியும்?

"எனக்கு நாளைக்கு ஆபீஸ் இருக்கே" என்றார், கடைசியாக.

"பக்கத்து வீட்டுத் தையல்காரர் உங்க ஆபீஸ் வழியாத்தான் போறார். காலையில லீவு லெட்டர் குடுத்தனுப்பறேன். அந்தச் சீட்டை இப்படிக் குடுங்க, அதோட சேர்த்துப் பின் பண்ணணும்."

அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழுந்தது. குண்டூசி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டு, பேருந்து தெருவைத் திரும்பும்வரை ஜன்னலில் நின்றார். பிறகு மனைவி கையைக் காட்டிய திசையில் போய்ப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்தித்தாளுக்குப் பின்னாலேயே இருந்தவர், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் நேரத்து வீட்டை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. பத்து மணிக்கு வெயில் சுவரில் இவ்வளவு தூரம் வரும் என்பது தெரியாது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் நிற்கும்போதெல்லாம் மனைவி ஏதோ முணுமுணுத்துப் பாடுவாள் என்பதும் தெரியாது. அந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் தூங்கிப்போனார். பத்து நாள் பாக்கித் தூக்கம். விழித்தபோது குண்டூசி அவருடைய காலருகில் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் காற்றில் கலைந்து, முகம் வெயிலில் கறுத்து, காலுறை முழுக்க மணல்.

"இருநூத்திப் பன்னெண்டும் ஏறினேம்பா. மேலேருந்து பாத்தா எல்லாம் ஃபைல் அடுக்கின மாதிரி வரிசையா இருந்துச்சு, வீடு வீடா."

அவர் அவளுடைய முதுகில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு கரகரப்பும் இல்லை. இதயம் மட்டும் ஓடி வந்த வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. காதை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அந்த மூன்று நாளைப் போல அவர் வாழ்க்கையில் வேறு மூன்று நாள் வரவில்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் தைல வாசனை அடித்தால் அது அவருடைய முழங்காலிலிருந்துதான். குண்டூசி வெளியூரில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டால், "நல்லா இருக்கேம்பா" என்பதோடு சரி. இருமல் வந்தால்கூடச் சொல்வதில்லை. போன மாதம் விடுமுறையில் வந்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவர் அலமாரியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து வந்தார்.

"இதைப் பாரு. புதன்கிழமை, வீட்டுலேருந்து டாக்டர் மேசை வரைக்கும் பதினாலு இருமல். அப்புறம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். டாக்டரம்மா கை பட்டதும் எப்படி நின்னுச்சு பாத்தியா? எந்த ஆய்வுலயும் இதுக்குப் பதில் இல்ல."

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது அன்னிக்குக் காலையிலயே நின்னுடுச்சுப்பா" என்றாள் குண்டூசி. "நான் இருமலேன்னா நீ டாக்டர்கிட்ட வர மாட்டே, உன்னையும் காட்ட முடியாதுன்னு அம்மாதான் இருமச் சொன்னாங்க."

அவர் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கையில் அடுக்கிய தட்டுகளோடு மகளிடம் கேட்டாள்: "பதினாலா? நான் அஞ்சுதானேடி சொன்னேன்."