ஒரு மாத வெட்டுக்கு ஒரு சித்தப்பா

சாந்தா ரொசாலியாவின் மலைக் குகையில் சீனித்தம்பி கண் விழித்தபோது, வேலைவாய்ப்புக் கந்தோரில் அவர் நிற்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

நித்திரை கொள்வதற்காக அவர் மலை ஏறவில்லை. 'கந்தோரிலை இருக்கிற சிஞ்ஞோரா இண்டைக்கு நல்ல மனத்தோடை இருக்கவேணும் தாயே' என்று கேட்கத்தான் விடிய வெள்ளன வெறுங்காலோடு ஏறினார். முருகனைக் கும்பிட்டாலும் இருக்கிற ஊரின் புனிதரைப் பகைக்கக் கூடாது என்பது பலேர்மோத் தமிழரின் கொள்கை. ஏறிய களைப்பு, குகையின் குளிர். வாங்கில் சாய்ந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. தாய் அவரை நன்றாகவே தாலாட்டிவிட்டாள்.

இறங்கும் வழியிலேயே வலன்ரைனுக்குப் போன் எடுத்தார். பொலிதேயாமாவில் ஒரு கடையில் கண்ணாடி துடைக்கிற வலன்ரைனுக்குத் தெரியாத இத்தாலியச் சட்டம் கிடையாது. சட்டத்துக்குத்தான் வலன்ரைனைத் தெரியாது.

"கூப்பிட்ட நாளுக்குப் போகாட்டி, முதல்தரம் ஒரு கிழமைக் காசு வெட்டு. ரெண்டாந்தரம் ஒரு மாசம். மூண்டாந்தரம் எல்லாம் முடிஞ்சுது. உனக்கு இது எத்தினையாவது?"

"ரெண்டாவது. முதல்தரம் வயித்தாலை போனதெல்லே."

"அதுக்கு மருந்துத் துண்டு குடுத்தனியோ?"

"அந்த நிலையிலை ஆரடா கந்தோருக்குப் போறது?"

"அப்ப ஒரு மாசம் சரி."

சீனித்தம்பி வழியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை செய்த ஹோட்டல் சமையலறையை மூடிவிட்டார்கள். இப்போது வருவது வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நாஸ்பிக் காசு மட்டும். அதில் ஒரு மாதம் வெட்டினால், கால்சாவில் குடியிருக்கும் இரண்டு அறை வீடும் வெட்டுத்தான்.

"தப்ப வழியில்லையோ?"

"நெருங்கின சொந்தத்திலை ஒரு சாவு வந்தா மன்னிப்பினம்," என்றான் வலன்ரைன். "ஆரும் இருக்கினமோ?"

சாகக்கூடியவர்களை எல்லாம் சீனித்தம்பி மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தார். எல்லோரையும் பிடித்திருந்தது. ஆளே இல்லாத ஒருவரைச் சாகடிப்பதுதான் பாவமில்லாத வழி என்று முடிவெடுத்தார். அப்படித்தான் வவுனியாவில் இருந்த சித்தப்பா அம்பலவாணர், மலையடிவாரத்தில் பிறந்து அந்த இடத்திலேயே காலமானார்.

தமிழருக்குப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் தயானி முகம் வாடிக் கேட்டாள்.

"அச்சோ அண்ணை! ஆனா சித்தப்பா எண்டா எடுப்பினமோ தெரியாது. உங்களை வளர்த்தவரோ?"

"ஓம் பிள்ளை. தோளிலை தூக்கி வளர்த்தவர்."

"அப்ப எழுதிப் பாப்பம். ஏதும் அத்தாட்சி வேணும். ஊரிலையிருந்து மரணப் பத்திரம் வரச் சுணங்கும். கண்ணீர் அஞ்சலி அடிச்சிருப்பியளே, அதைத் தாங்கோ. மொழிபெயர்த்து இணைக்கிறன்."

கண்ணீர் அஞ்சலி இல்லாமல் எங்கள் ஆட்களில் எவரும் சாவதில்லை. அதை வலன்ரைன் தன் போனிலேயே செய்தான். நான்கு மூலையிலும் தாமரை, நடுவில் குத்துவிளக்கு.

"முகம் வேணும் மச்சான். முகமில்லாத அஞ்சலியை ஆர் நம்புவினம்?"

போன வருடக் கோயில் திருவிழாப் படங்களைத் தட்டிக்கொண்டு போய், கூட்டத்தின் நடுவில் சாந்தமாக நின்ற ஒரு முதியவரை வெட்டி எடுத்து ஒட்டினான்.

"ஆரடா இவர்?"

"தெரியாது. தெரியாத ஆளெண்டாத்தான் கரைச்சலில்லை."

கீழே, 'முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் வவுனியாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, 'துயருறும் பெறாமகன் சீனித்தம்பி' என்று முடித்தான். வலன்ரைன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். ஆகவே கால்சா வீட்டு விலாசத்தையும் போன் இலக்கத்தையும் போட்டான். போட்ட கையோடு, பழக்கதோசத்தில், பலேர்மோத் தமிழர் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டான்.

சீனித்தம்பி வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே சீனிப் பைகளும் பிஸ்கட் பெட்டிகளும் குவிந்திருந்தன. மனைவி தங்கேஸ்வரி அவரைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஆர் இந்தச் சித்தப்பா?"

அவர் சொன்னார்.

"கலியாணம் கட்டி இத்தினை வருசம் காணாத மாமனுக்கு நான் வெளியிலை போய் அழவேணுமோ?"

"கொஞ்சமா அழு, காணும்."

"வாற கிழமை கோயில்லை என்ரை உபயம்! முப்பத்தொரு நாள் துடக்கோடை நான் எந்த முகத்தோடை போறது? அவங்கள் வெட்டினது ஒரு மாசம். நீங்கள் வெட்டினது ஒரு மாசமும் ஒரு நாளும்!"

அன்று காலை பல்லாரோச் சந்தையில் அவள் ஆசையாக வாங்கிய சூரை மீன் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தது. வந்தவர்களோ சாவீட்டில் உலை வைக்கக் கூடாதென்று கத்தரிக்காயும் பருப்புமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். யாராவது குளிர்ப்பெட்டிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சீனித்தம்பி அதன் முன்னால் போய் நின்று விம்மினார்.

"பாவம், தோளிலை தூக்கி வளர்த்தவராம்," என்றார்கள்.

வேலையே இல்லாத ஒருத்தி, பக்கத்துத் தெரு நாகபூசணி, தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பால்மாப் பெட்டியைக் கொண்டுவந்து தேத்தண்ணிக்கு வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு சீனித்தம்பிக்கு வந்த அழுகை பொய்யழுகை இல்லை.

ஞாயிறு பின்னேரம் ஒரு முதியவர் மெதுவாகப் படியேறி வந்தார். அயலவர்கள் அச்சடித்து மாட்டி, விளக்குக் கொளுத்தி வைத்திருந்த அஞ்சலிப் படத்தின் கீழே போய் உட்கார்ந்தார். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். கொடுத்தவர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் அமரரின்ரை சகோதரமோ?"

"இல்லைத் தம்பி. அமரர் நான்தான்."

தேத்தண்ணிக் கோப்பைகள் கீழே இறங்கின. பிறகு ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். சீனிப் பைகளை ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை.

முதியவரின் பெயர் இராஜதுரை. பகேரியாவிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார். சீனித்தம்பி காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"ஐயா, என்னை மன்னிக்கவேணும்."

"கனடாவிலை இருக்கிற என்ரை மகள் படத்தைப் பாத்திட்டு, அழுதழுது உடனை ரிக்கெற் போட்டிட்டாள். பிறகு நான் போன் எடுத்து உயிரோடைதான் இருக்கிறன் எண்டன். ரிக்கெற்றை மாத்தேலாதாம், வாறாளாம்." முதியவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "எத்தினையோ வருசமா வா வா எண்டு கேட்டு வராதவள். தம்பி, உனக்கு நான் நன்றிதான் சொல்லவேணும்."

தங்கேஸ்வரி குசினிக்குள் போய்ச் சூரை மீனை வெளியே எடுத்தாள்.

"ஆனா," என்றார் இராஜதுரை, மீன்வாசம் வந்த திசையில் பார்த்தபடி, "அரசாங்கத்துக்குப் பொய் சொல்லிப் பிடிபட்டா ஒரு மாச வெட்டோடை நிக்காது. நாளைக்கு ரெண்டுபேருமாப் போய் உண்மையைச் சொல்லுவம். செத்தவனே கூட வந்து கேட்டா மனமிரங்குவினம்."

திங்கள் காலை, கந்தோர் வரவேற்பு மேசையின் முன்னால் சீனித்தம்பி போய் நின்றார். பக்கத்தில் அமரர் வெள்ளை வேட்டியோடு நின்றார். தயானி அனுப்பிய மின்னஞ்சலை இன்னும் ஒருவரும் திறந்திருக்கவில்லை. குகை, நித்திரை, சித்தப்பா, அஞ்சலி, சூரை மீன் என்று சீனித்தம்பி தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். ஒரு மாதமாவது பரவாயில்லை, எல்லாவற்றையும் மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கைகூப்பினார்.

மேசையில் இருந்த பெண் சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தினாள். கணினியில் திகதியைப் பார்த்தாள். பிறகு அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"போன வெள்ளிக்கிழமையா, சிஞ்ஞோரே? அன்று முழுக் கந்தோரும் வேலைநிறுத்தம். வராததற்குக் காசு வெட்டினது எங்களுக்குத்தான்."